விண்முகிலில் பாஸ்பரஸ்

தீக்குச்சியைத் தீப்பெட்டியின் பக்கத்தில் உரசினால் தீப்பற்றிக்கொள்கிறது. நாள்தோறும் காணும் காட்சியாதலின் இதனை யாரும் வியப்பதில்லை. தீப்பெட்டியின் பக்கத்தில் பூசப்பட்டுள்ள பழுப்பு நிறப் பூச்சில் சிவப்புப் பாஸ்பரஸ் என்னும் பொருள் கலந்திருக்கிறது. உரசும்போது உண்டாகும் வெப்பத்தால் அதில் ஒரு சிறு துகள் எரிந்து, குச்சியின் முனையில் உள்ள மருந்தைப் பற்றவைக்கிறது. அத்துகளில் உள்ள ஒவ்வோர் அணுவும் ஞாயிறு தோன்றுவதற்கு முன்னரே, என்றோ அழிந்துபோன ஒரு விண்மீனின் உள்ளே பிறந்ததாகும். அங்கிருந்து அது இங்கு வந்து சேர்ந்த வழி மிக நீண்டது. அவ்வழியை அறிஞர் சிறிது சிறிதாக ஆராய்ந்து கண்ட வரலாறு சுவை மிக்கது.

பாஸ்பரஸ் என்னும் தனிமத்தை மனிதன் முதன்முதலாகப் பிரித்தெடுத்தது 1669ஆம் ஆண்டில் ஆகும். ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்தில் ஹென்னிக் பிராண்டு என்னும் இரசவாதி ஒருவர் வாழ்ந்தார். தாழ்ந்த உலோகங்களைப் பொன்னாக மாற்றவல்ல ஒரு பொருளைத் தேடி அவர் பல சோதனைகளைச் செய்துவந்தார். மனிதருடைய சிறுநீரைப் பெருமளவில் சேர்த்துக் காய்ச்சி வற்றவைத்து, எஞ்சிய கசட்டைக் கடுந்தீயில் வாட்டினார். பொன் கிடைக்கவில்லை, ஆனால் இருளில் தானே ஒளிவிடும் ஒரு வெண்பொருள் கிடைத்தது. ‘ஒளியைத் தாங்கி வருவது’ என்று பொருள்படும் பாஸ்பரஸ் என்னும் கிரேக்கச் சொல் அதற்குப் பெயராயிற்று. பண்டைக் கிரேக்கர் விடிவெள்ளிக்கும் இப்பெயரையே வழங்கினர். பிராண்டு தேடியது பொன். அவர் கண்டதோ உயிர்களுக்குப் பொன்னினும் இன்றியமையாத ஒரு பொருள்.

இன்றியமையாமை எத்தகையது என்பதைச் சிறிது எண்ணிப் பார்க்கலாம். வளர்ந்த மனிதர் ஒருவரின் உடலில் ஏறத்தாழ 700 கிராம் பாஸ்பரஸ் இருக்கிறது. அதில் நூற்றுக்கு 85 பங்கு எலும்பிலும் பல்லிலும் உள்ளது. எஞ்சிய சிறு பகுதியின் பணியோ மிகப் பெரிது. பெற்றோரின் இயல்புகளைப் பிள்ளைகளுக்குக் கொண்டுசெல்லும் டி.என்.ஏ. என்னும் நீண்ட மூலக்கூறு, பாஸ்பரஸும் ஆக்சிஜனும் சேர்ந்த பாஸ்பேட்டுகளால் கோக்கப்பட்ட மாலை போன்றது. உண்ட உணவின் ஆற்றலைத் தசைக்கும் மூளைக்கும் எடுத்துச் செல்லும் ஏ.டி.பி. என்னும் பொருளும் பாஸ்பேட்டால் ஆயதே. ஒவ்வோர் உயிரணுவையும் சூழ்ந்து காக்கும் மெல்லிய சவ்வும் அவ்வாறே. இயற்கை ஏன் பாஸ்பேட்டைத் தேர்ந்தெடுத்தது என்னும் வினாவிற்கு, அமெரிக்க வேதியியல் அறிஞர் பிராங்க் வெஸ்ட்ஹைமர் 1987ஆம் ஆண்டில் ஒரு விடை தந்தார். பாஸ்பேட்டு இரு பக்கமும் இரு மூலக்கூறுகளைப் பற்றி இணைத்த பின்னும் தன்னிடம் எதிர்மின்னேற்றம் ஒன்றை வைத்துக்கொள்கிறது. அம்மின்னேற்றம் நீர் அந்த இணைப்பை எளிதில் அறுத்துவிடாமல் காக்கிறது. பொருள் உயிரணுவை விட்டு வெளியே கசிந்துபோகாமலும் தடுக்கிறது. இவ்விரு பண்பும் ஒருங்கே அமைந்த வேறொரு பொருளைக் காண்பது அரிது.

இத்துணைச் சிறப்புடைய பாஸ்பரஸ் பேரண்டத்தில் மலிந்து கிடக்கும் பொருள் அன்று. ஞாயிற்றின் ஒளியைப் பகுத்துப் பார்த்தால், அதில் ஏறத்தாழ நாற்பது இலட்சம் ஹைட்ரஜன் அணுக்களுக்கு ஒரு பாஸ்பரஸ் அணுவே இருப்பது தெரிகிறது. ஒரு பாஸ்பரஸ் அணுவுக்கு நைட்ரஜன் அணுக்கள் 250க்கு மேலும், கார்பன் அணுக்கள் ஏறத்தாழ ஆயிரமும், ஆக்சிஜன் அணுக்கள் ஏறத்தாழ இரண்டாயிரமும் உள்ளன. மனித உடலின் எடையிலோ நூற்றில் ஒரு பங்கு பாஸ்பரஸ். எடையளவில் நோக்கினால், ஞாயிற்றில் உள்ளதைப் போல் ஆயிரம் மடங்குக்கும் மேலாக இத்தனிமம் நம் உடலில் செறிந்திருக்கிறது. அரிதாகிய இப்பொருளை உயிர் எங்கிருந்து, எவ்வாறு திரட்டிக்கொண்டது? இதுவே அறிஞர்களை நெடுங்காலமாகச் சிந்திக்கவைத்த வினா.

பாஸ்பரஸ் பிறக்கும் இடம் பெரிய விண்மீன்களின் உட்பகுதியாகும். ஞாயிற்றைப் போல் எட்டு மடங்கும் அதற்கு மேலும் எடையுள்ள விண்மீன்களில், கடும் வெப்பத்தால் கார்பனும் நியானும் அணுவினையில் எரியும் அடுக்குகள் உண்டாகின்றன. அங்குச் சிலிக்கன் அணுக்கருக்கள் நியூட்ரான்களைக் கவர்ந்து பாஸ்பரஸாக மாறுகின்றன. எரிபொருள் தீர்ந்தபின் அவ்விண்மீன் சூப்பர்நோவா எனப்படும் பெருவெடிப்பில் சிதறுகிறது. உள்ளே பிறந்த தனிமங்கள் வெளியே வீசப்படுகின்றன. இது வெறும் ஊகம் அன்று. காசியோப்பியா என்னும் விண்மீன் கூட்டத்தில், 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெடிப்பொளி புவியை வந்தடைந்திருக்கக்கூடிய ஒரு சூப்பர்நோவாவின் எச்சம் உண்டு. கொரிய அறிஞர் பான்-சுல் கூவும் அவர்தம் குழுவினரும் அதன் அகச்சிவப்பு ஒளியை ஆராய்ந்து, 2013ஆம் ஆண்டில் அங்குப் பாஸ்பரஸ் இருப்பதைக் கண்டனர். இரும்போடு ஒப்பிடும்போது அதன் அளவு பால்வீதியின் சராசரியைப் போல் நூறு மடங்கு வரை மிகுந்திருந்தது. உலையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த பாஸ்பரஸை மனிதன் கண்ணாரக் கண்டான் எனலாம்.

வெடித்துச் சிதறிய பொருள்கள் விண்மீன்களுக்கு இடையிலுள்ள பெருவெளியில் பரவி, அங்கு முன்னரே உள்ள வாயுவோடு கலக்கின்றன. அவ்வெளியில் ஆங்காங்கே வாயுவும் நுண்தூசும் திரண்டு முகில் போல நிற்கின்றன. விண்முகில் என்றதும் மழைமுகிலை எண்ணிவிடலாகாது. நாம் சுவாசிக்கும் காற்றில் ஒரு கன சென்டிமீட்டரில் கோடி கோடியாக, அதாவது 2 என்னும் எண்ணுக்குப் பின் 19 சுழிகள் இட்டாற்போன்ற அளவில், மூலக்கூறுகள் உள்ளன. அடர்ந்த விண்முகிலில் அதே இடத்தில் சில ஆயிரம் முதல் சில இலட்சம் மூலக்கூறுகளே இருக்கும். அங்குள்ள குளிரோ சுழிக்குக் கீழ் 260 சென்டிகிரேடு பாகைக்கும் கீழானது. ஆயினும் இம்முகில்களின் பரப்பு மிகப் பெரிதாதலின், அவற்றில் அடங்கிய பொருளின் அளவும் மிகப் பெரிது. இம்முகில்கள் தம் எடையால் தாமே சுருங்கிப் புதிய விண்மீன்களாகவும் கோள்களாகவும் மாறுகின்றன. நமது ஞாயிற்றுக் குடும்பமும் ஏறத்தாழ 460 கோடி ஆண்டுகளுக்கு முன் இவ்வாறு தோன்றியதே.

எட்டாத தொலைவில், இருளும் குளிரும் நிறைந்த முகிலில் உள்ள ஒரு பொருளை அறிவது எங்ஙனம்? இதற்கு மூலக்கூறுகளின் சுழற்சியே துணைசெய்கிறது. இரண்டு அணுக்கள் சேர்ந்த மூலக்கூறு, இரு முனையிலும் குண்டு பொருத்திய கோல் போன்றது. அது சுழலும் வேகம் நினைத்தபடி மாறுவதில்லை. படிப்படியாகவே கூடும், குறையும். ஒரு படியிலிருந்து கீழ்ப்படிக்கு இறங்கும்போது, அது குறிப்பிட்ட அதிர்வெண்ணுள்ள ரேடியோ அலையை வெளியிடுகிறது. பாஸ்பரஸ் அணு ஒன்றும் நைட்ரஜன் அணு ஒன்றும் சேர்ந்த பாஸ்பரஸ் நைட்ரைடு என்னும் மூலக்கூறு, நொடிக்கு ஏறத்தாழ 4,700 கோடி அதிர்வு, 9,400 கோடி அதிர்வு, 14,100 கோடி அதிர்வு என, ஒரே எண்ணின் மடங்குகளாக அலைகளை விடுக்கும். ஒவ்வொரு மனிதருக்கும் கைரேகை வேறுபடுவதைப் போல, ஒவ்வொரு மூலக்கூறுக்கும் இவ்வரிசை வேறுபடும். ஆய்வுக்கூடத்தில் அளந்து வைத்த வரிசை, ரேடியோத் தொலைநோக்கியிலும் அவ்வாறே தென்படுமாயின் அப்பொருள் அம்முகிலில் உண்டு என்பது உறுதியாகும்.

பாஸ்பரஸ் அணுக்கள் விண்வெளியில் இருப்பதை 1972ஆம் ஆண்டில் ஏவப்பட்ட கோப்பர்னிகஸ் என்னும் செயற்கைக்கோள் முன்னரே காட்டியிருந்தது. செறிவு குறைந்த முகில்களில், எலெக்ட்ரான் ஒன்றை இழந்த பாஸ்பரஸ் அணுக்கள் பின்னாலிருந்து வரும் விண்மீன் ஒளியில் புறஊதாக் கதிரை விழுங்கித் தம் இருப்பை அறிவித்தன. ஆனால் விண்மீன்கள் பிறக்கும் அடர்ந்த முகில்களில் பாஸ்பரஸ் மூலக்கூறு எதனையும் காண இயலவில்லை. கடைசியில் 1987ஆம் ஆண்டில் டர்னர், பாலி என்னும் இருவரும், தனியாக லூசி ஜியூரிஸ் என்னும் பெண் அறிஞரும், பாஸ்பரஸ் நைட்ரைடின் அலைகளைக் கண்டறிந்தனர். வேட்டுவன் வடிவில் காணப்படும் ஒரையன் விண்மீன் கூட்டத்தில், ஏறத்தாழ 1,350 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள முகில் அவ்வலைகளை அனுப்பிய இடங்களுள் ஒன்று. வெஸ்ட்ஹைமர் பாஸ்பேட்டின் சிறப்பை விளக்கிய அதே ஆண்டில் இக்கண்டுபிடிப்பும் நிகழ்ந்தது குறிப்பிடத்தக்கது.

கண்டுபிடிப்பு மகிழ்ச்சியைத் தந்தது. கூடவே புதிரையும் தந்தது. அடர்ந்த முகிலில் இருக்கவேண்டிய பாஸ்பரஸில் மிகச் சிறு பங்கே, நூற்றில் ஒன்றோ அதனினும் குறைவோதான், வாயுவாகத் தென்பட்டது. எஞ்சியது எங்கே? விடை தூசில் இருக்கிறது என்பது அறிஞர் கருத்து. முகில் குளிர்ந்து அடரும்போது பாஸ்பரஸ் அணுக்கள் நுண்தூசின்மீது ஒட்டிக்கொள்கின்றன. அங்கு நீரும் பிற பொருள்களும் பனியாக உறைந்து மூடுகின்றன. தூசின்மேல் ஊர்ந்து திரியும் ஹைட்ரஜன் அணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பாஸ்பரஸோடு சேர, பாஸ்பீன் என்னும் பொருள் தோன்றலாம். பனியினுள் சிறைப்பட்ட மூலக்கூறு சுழலாது. சுழலாததால் ரேடியோ அலையையும் விடாது. எனவே அது தொலைநோக்கிக்குப் புலப்படுவதில்லை.

நைட்ரஜனும் பாஸ்பரஸும் தனிம வரிசையில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. நைட்ரஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த அம்மோனியா, விண்முகிலில் 1968ஆம் ஆண்டிலேயே கண்டறியப்பட்டது. அது அங்கு எளிதாகக் கிடைக்கிறது. ஆனால் உடன்பிறந்தவர் இருவரின் குணம் ஒன்றாக இருக்கவேண்டும் என்பதில்லை. எலெக்ட்ரானை இழந்த பாஸ்பரஸ் அணு ஹைட்ரஜன் மூலக்கூறோடு மோதினாலும், அதிலிருந்து ஓர் அணுவைப் பறித்துக்கொள்ள அக்குளிரில் அதற்கு ஆற்றல் போதாது. ஆதலால் வாயு நிலையில் பாஸ்பீன் எளிதில் உண்டாவதில்லை. பாஸ்பரஸ் ஆக்சிஜனையும் நைட்ரஜனையுமே நாடிச் செல்கிறது. ஆய்வுக்கூடச் சோதனைகளால் இவ்வுண்மையை உணர்ந்த அறிஞர்கள், பாஸ்பரஸ் மோனாக்சைடு, அதாவது பாஸ்பரஸ் அணு ஒன்றும் ஆக்சிஜன் அணு ஒன்றும் சேர்ந்த மூலக்கூறு, விண்முகிலில் இருந்தே தீரவேண்டும் என்று கூறினர்.

இம்மூலக்கூறுக்குத் தனிச்சிறப்பு உண்டு. உயிர்களுக்கு வேண்டிய பாஸ்பேட்டில் பாஸ்பரஸும் ஆக்சிஜனும் பிணைந்திருக்கின்றன அல்லவா? அப்பிணைப்பின் முதல் முடிச்சு இதுவே. ஆகவே அதனைத் தேடுவதில் பலரும் ஊக்கம் காட்டினர். 2007ஆம் ஆண்டில் ஜியூரிஸ் உள்ளிட்ட குழுவினர், முதுமையெய்திய ஒரு பெருவிண்மீனைச் சூழ்ந்த வாயு உறையில் அதைக் கண்டனர். விண்மீன்கள் பிறக்கும் முகிலில் அதனைக் காண மேலும் ஒன்பது ஆண்டுகள் ஆயின. ஸ்பெயின் நாட்டில் சியரா நெவாடா மலைமேல் 30 மீட்டர் விட்டமுள்ள ஒரு ரேடியோத் தொலைநோக்கி நிற்கிறது. அதன் துணைகொண்டு விக்டர் ரிவில்லாவும் அவர்தம் குழுவினரும், 2016ஆம் ஆண்டில் இரண்டு முகில்களில் பாஸ்பரஸ் மோனாக்சைடைக் கண்டறிந்தனர். அங்கு அது பாஸ்பரஸ் நைட்ரைடை விட மிகுந்திருந்தது. ஆய்வுக்கூடம் சொன்னதை வானம் மெய்ப்பித்தது.

தூசில் சிறைப்பட்ட பாஸ்பரஸ் வெளியே வருவது எவ்வாறு என்பது அடுத்த வினா. பிறக்கும் விண்மீன் அமைதியாகப் பிறப்பதில்லை. அது தன் இரு முனைகளிலிருந்தும் வாயுவைப் பெருவேகத்தோடு பீய்ச்சுகிறது. அப்பாய்ச்சல் முகிலின்மீது மோதும்போது அதிர்ச்சி அலை எழுந்து, தூசின்மேல் படிந்த பனியைச் சிதறடிக்கிறது. விடுபட்ட பாஸ்பரஸ், ஹைட்ராக்சிலோடு சேர்ந்து பாஸ்பரஸ் மோனாக்சைடாகிறது. அது நைட்ரஜன் அணுவைச் சந்தித்தால் ஆக்சிஜனை விட்டுப் பாஸ்பரஸ் நைட்ரைடாகிறது. தூசு நொறுங்கிய இடங்களில் தென்படும் சிலிக்கன் மோனாக்சைடு என்னும் வாயு எங்கு மிகுதியோ, அங்கேயே பாஸ்பரஸ் நைட்ரைடும் காணப்படுவது இக்கருத்துக்கு அரணாக நிற்கிறது.

தென் அமெரிக்காவில் சிலி நாட்டின் அட்டகாமாப் பாலைநிலத்தில், ஏறத்தாழ 5,000 மீட்டர் உயரத்தில், 66 ரேடியோத் தொலைநோக்கிகள் ஒன்றாக இணைந்து செயல்படுகின்றன. அல்மா என்னும் பெயருடைய அக்கூட்டுத் தொலைநோக்கியால், பெரிய விண்மீன்கள் பிறக்கும் ஒரு முகிலை ரிவில்லாவின் குழு ஆராய்ந்து, 2020ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டது. இளம் விண்மீன்களின் பாய்ச்சலால் முகிலில் பெருங்குடைவுகள் ஏற்பட்டிருந்தன. பாஸ்பரஸ் மூலக்கூறுகள் அக்குடைவுகளின் சுவர்களிலேயே காணப்பட்டன. மோதலும் விண்மீனின் கதிரொளியும் கூடி அவற்றை ஆங்கு உருவாக்கின என்பது தெளிவாயிற்று.

அக்கட்டுரையின் மற்றொரு பகுதி இன்னும் வியப்புடையது. ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2004ஆம் ஆண்டில் அனுப்பிய ரொசெட்டா என்னும் விண்கலம், பத்து ஆண்டுகள் பயணம் செய்து, சுரியூமோவ் - கெராசிமெங்கோ என்னும் வால்மீனை 2014 ஆகஸ்டில் அடைந்து, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அதனோடு உடன் சென்றது. வால்மீன்கள் ஞாயிற்றுக் குடும்பம் தோன்றிய காலத்துப் பனியை மாறாமல் காத்துவைத்திருக்கும் பேழைகள். அவ்வால்மீனிலிருந்து வெளிப்பட்ட வாயுவைக் கலத்தில் இருந்த ரோசினா என்னும் கருவி நிறுத்துப் பார்த்தது. சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் காத்ரின் ஆல்ட்வெக்கின் குழு, அதில் பாஸ்பரஸ் உண்டு என்று 2016ஆம் ஆண்டில் அறிவித்தது. அப்பாஸ்பரஸைத் தாங்கிநின்ற மூலக்கூறுகளுள் முதன்மையானது பாஸ்பரஸ் மோனாக்சைடே என்பது 2020ஆம் ஆண்டில் தெரியவந்தது. விண்முகிலில் கண்ட அதே மூலக்கூறு, நம் ஞாயிற்றின் வீட்டு வாயிலிலும் காணப்பட்டது. முகிலையும் வால்மீனையும் பிணைக்கும் இழை கைக்குக் கிட்டிற்று.

புவிக்குப் பாஸ்பரஸைக் கொணர்ந்தவை வால்மீன்கள் மட்டும் அல்ல. கோள்களாகத் திரண்ட பாறையிலேயே அது பெரும்பாலும் கலந்திருந்தது. இரும்பு விண்கற்களில் இரும்பு, நிக்கல், பாஸ்பரஸ் மூன்றும் சேர்ந்த ஷ்ரைபர்சைட்டு என்னும் கனிமம் உண்டு. அது நீரோடு கலந்தால், நீரில் கரையும் பாஸ்பரஸ் சேர்மங்களைத் தருகிறது என்பதைச் சோதனைகள் காட்டியுள்ளன. உயிர் தோன்றிய பண்டைக் குளங்களுக்கு இவ்வழியாகவும் பாஸ்பரஸ் வந்திருக்கலாம். சனிக்கோளின் துணைக்கோளாகிய என்செலாடஸின் பனிப்பரப்புக்கு அடியில் ஒரு கடல் இருக்கிறது. அக்கடல் நீர் தெறித்து உறைந்த துகள்களில் பாஸ்பேட்டு உண்டு என்பதைக் காசினி விண்கலம் திரட்டிய செய்திகளிலிருந்து 2023ஆம் ஆண்டில் அறிஞர் கண்டனர்.

ஒரு வினாவுக்கு விடை கண்டால் மற்றொரு வினா தலைகாட்டுவது அறிவியலின் இயல்பு. 1987ஆம் ஆண்டில் பாஸ்பரஸ் நைட்ரைடைக் கண்ட ஜியூரிஸ், 2023ஆம் ஆண்டில் தம் குழுவினரோடு மற்றொரு செய்தியை வெளியிட்டார். பால்வீதியின் நடுவிலிருந்து ஏறத்தாழ 74,000 ஒளியாண்டுத் தொலைவில், அதன் விளிம்பில் உள்ள ஒரு முகிலிலும் பாஸ்பரஸ் மோனாக்சைடும் நைட்ரைடும் உள்ளன என்பதே அது. சூப்பர்நோவாவாக வெடிக்கத்தக்க பெருவிண்மீன்கள் அவ்விளிம்பில் மிகக் குறைவு. அங்ஙனமாயின் அங்குள்ள பாஸ்பரஸ் எவ்விடத்திலிருந்து வந்தது? சிறிய விண்மீன்களும் அதனை உண்டாக்கவல்லனவோ என்று அறிஞர் ஆராய்ந்துவருகின்றனர். 36 ஆண்டுகள் ஒரே தனிமத்தைத் தொடர்ந்து நோக்கிய பின்னும் கற்க வேண்டியது எஞ்சியிருக்கிறது. கற்கும் ஆர்வமும் குறையவில்லை.

இவ்வாறு நெடுந்தொலைவு கடந்து வந்த பாஸ்பரஸ் புவியிலும் எளிதில் திரும்பக் கிடைப்பதன்று. கார்பனும் நைட்ரஜனும் காற்றில் கலந்து மீண்டும் பயிருக்கு வந்துசேர்கின்றன. பாஸ்பரஸுக்குக் காற்றின் வழி இல்லை. மழைநீர் நிலத்தைக் கரைத்துக்கொண்டு ஓட, அது ஆற்றின் வழியே கடலை அடைந்து அடியில் படிகிறது. மீண்டும் நிலமாக மேலெழப் பல இலட்சக்கணக்கான ஆண்டுகள் ஆகும். உழவர் வயலுக்கு இடும் பாஸ்பேட்டு உரம் பாறையிலிருந்து வெட்டி எடுக்கப்படுவது. வெட்ட வெட்டக் குறைவது. அதற்கு மாற்றாக நிற்கவல்ல வேறு தனிமமும் இல்லை. மண் கரைந்து ஓடாமல் காப்பதும், சாணம் முதலியவற்றை எருவாக்கி மீண்டும் நிலத்துக்கே தருவதும் ஆகிய பழைய வழக்கங்களில் பொதிந்துள்ள அறிவு இதனால் விளங்கும்.

ஒரு பிடி எருவிலும் ஒரு தீக்குச்சியின் சுடரிலும் அழிந்த விண்மீனின் செல்வம் அடங்கியிருக்கிறது. பொன்னைத் தேடிய பிராண்டு அருவருப்பான கழிவில் ஒளியைக் கண்டார். முகில்களின் மெல்லிய அலைகளைக் கேட்ட பிற்கால அறிஞர்கள், அவ்வொளி வந்த வழியைக் கண்டனர். எப்பொருளையும் இழிவென ஒதுக்காது நுணுகி நோக்குவோர்க்கு இயற்கை தன் மறைகளை வெளிப்படுத்தும் என்பதற்கு இவ்வரலாறு நற்சான்றாகும்.